பாடத்தின் பின்பாதி

சோணைமுத்து கை சுத்தமானவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவரே எல்லாரிடமும் முதலில் இதைத்தான் சொல்வார். கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் சான்றிதழ்ப் பிரிவு எழுத்தராக ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தும், மனு கொடுக்க வந்தவர் கையால் ஒரு டீ வாங்கிக் குடித்தது கிடையாது. மேஜை மேல் ஓர் இளநீர் வைத்தால்கூட எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிடுவார்.

அவருக்கு இருந்த சபலம் வேறு. ஆட்களைக் காக்க வைப்பது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பத்துப் பேராவது நின்றால்தான் அன்றைக்கு அவருக்கு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஐந்து நிமிஷ வேலையை உடனே முடித்துக் கொடுத்தால் வாங்கிப் போகிறவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, நாலு நடை நடந்து வாங்கினவன்தான் கும்பிட்டுவிட்டுப் போகிறான் என்பது ஆறு வருஷத்தில் அவர் கண்டுகொண்டது. காசு வாங்குகிறவனைப் பிடித்து உள்ளே போட சட்டம் இருக்கிறது. கும்பிடு வாங்குகிறவனை யார் என்ன செய்ய முடியும்?

இப்படி ஊரையே காக்க வைத்தவரும் ஒன்றுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தார். மதுரைக்கு மாறுதல். வீடு ஆனையூரில். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, டவுன் பஸ்ஸில் மாட்டுத்தாவணி வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்துக் கொட்டாம்பட்டி போய், இறங்கி ஷேர் ஆட்டோ. சாயங்காலம் இதே வழியில் திரும்பி வீடு சேரும்போது எட்டரை. மனைவி முத்துமீனா மூடி வைத்திருக்கும் சோற்றைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவிர அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்த்து வெகு காலம் ஆயிற்று. முதுகு வேறு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்திருந்தது. நாலாவது தடவையாக எழுதிக் கொடுத்த மாறுதல் விண்ணப்பத்துக்கு மேலிடத்தில் ஒரே ஒரு கையெழுத்துத்தான் பாக்கி.

அந்தக் கையெழுத்துக்கு உரியவர் புதிதாக வந்திருந்த மேடம். வடக்கே ஒடிசாப் பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. தமிழ் படித்துக்கொண்டிருந்தார்; "வணக்கம்", "உக்காருங்க", "எவ்வளவு நாள் ஆச்சு?" வரைக்கும் வந்திருந்தார். மற்றதெல்லாம் ஆங்கிலம். அவரிடம் தன் குறையைத் தானே வாய்விட்டுச் சொன்னால்தான் நடக்கும் என்று சோணைமுத்துவுக்குத் தோன்றியது. பட்டதாரிதான், ஆனாலும் அவருடைய ஆங்கிலம் காகிதத்தில் மட்டும் நடக்கும், வாயில் உட்கார்ந்துவிடும். அதனால்தான் நாற்பத்தாறு வயதில் ஆனையூரில் மாவு மில்லுக்கு மேல் மாடியில் அழகுராஜா நடத்திய ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

அழகுராஜா மாஸ்டர் அவரைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் பாடத்தில் கறார். ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை வகுப்பு. வாரம் ஒரு தொடர்தான். முதல் ஒரு மணி நேரம் அர்த்தம். எட்டு மணிக்கு ஒரு சுக்குமல்லிக் காபி. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் உபயோகம்: அந்தத் தொடரை யாரிடம் சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது, என்ன முகத்தோடு சொல்ல வேண்டும். "அர்த்தம் தெரிஞ்சவன் இங்கிலீஷ் தெரிஞ்சவன் இல்ல. உபயோகம் தெரியணும்" என்பார் மாஸ்டர். அப்போது கீழே மில் ஓடத் தொடங்கும், கத்தித்தான் சொல்லுவார்.

சோணைமுத்து அந்தக் கத்தலைக் கேட்டதே இல்லை. எட்டு மணிக் காபியை நின்றபடி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். காரணம் கறிக்கடை. ஞாயிற்றுக்கிழமை எட்டேகாலுக்குப் போனால் நெஞ்செலும்பும் சுவரொட்டி ஈரலும் கிடைக்கும். ஒன்பது மணிக்குப் போகிறவனுக்குக் கழுத்து எலும்பும் கடைக்காரரின் அனுதாபமும்தான். வாரம் முழுக்க ஆறின சோறு தின்கிற மனிதன் அந்த ஒரு நாளையும் விட முடியுமா?

"அண்ணே, பின்பாதிய விட்டுட்டுப் போறீகளே, அதுலதான் சாரமே இருக்கு" என்று மாஸ்டர் ஒரு தடவை வாசல் வரை வந்து சொல்லிப் பார்த்தார்.

"அர்த்தம் தெரிஞ்சா போதும் மாஸ்டர். ஆபீஸ்ல இருபது வருஷமா மனுசங்களப் பாத்துட்டு வாரேன். யாருகிட்ட எதச் சொல்லணும்னு எனக்கா தெரியாது?" என்று சொல்லிக்கொண்டே சோணைமுத்து செருப்பை மாட்டினார்.

ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிறு மாஸ்டர் பலகையில் எழுதிய தொடர்: 'ஹோல்ட் யுவர் ஹார்சஸ்'. முன்னாளில் குதிரை வண்டி ஓட்டுகிறவனிடம் கடிவாளத்தை இழுத்துப் பிடி என்று சொன்னது, பிற்பாடு பொதுவாக எல்லாருக்கும் ஆகிவிட்டது; அவசரப்படாதே, கொஞ்சம் பொறு என்று அர்த்தம். அவ்வளவுதான் முதல் மணி நேரத்தின் சாரம்.

சோணைமுத்துவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஆறு வருஷமாக "பொறுய்யா", "நாளைக்கு வா", "அய்யா மீட்டிங்ல இருக்காரு" என்று பழைய துணியையே துவைத்து உடுத்திக்கொண்டிருந்தவருக்குப் பட்டு வேட்டி கொடுத்த மாதிரி இருந்தது. சொல்லிப் பார்த்தார். மூன்று சொல்லும் மூச்சோடு அழகாக இறங்கின. கறிக்கடை வரிசையில் முன்னால் நின்றவரிடமே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அந்த மனிதர் திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றதில் சோணைமுத்துவுக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது.

திங்கட்கிழமையிலிருந்து ஜன்னலில் புதுச் சரக்கு. வருமானச் சான்று கேட்டு வந்தவனுக்கு ஒன்று, சாதிச் சான்று கேட்டு வந்தவனுக்கு ஒன்று. கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டபடியால் ஏதோ மேலிடத்து உத்தரவு என்று எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள். அலுவலக உதவியாளர் சின்னக்கருப்பன்கூட, "என்னண்ணே, சொன்ன ஒடனே எல்லாப் பயலும் கம்முனு போறாங்கெ?" என்று வியந்தார்.

புதன்கிழமை பாண்டியம்மாள் வந்தாள். சித்திரையில் மனு போட்டவள். அது அவளுக்குப் பதினோராவது நடை. புருஷன் ஆண்டிச்சாமி ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தே ஒண்ணேகால் ஏக்கர் வாங்கிப் போட்டுவிட்டுக் காலமாகிவிட்டான். மகள் தாமரைச்செல்வி பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் காலேஜ் வாசல் மிதித்ததில்லை என்று அரசாங்கம் எழுதித் தருகிற முதல் பட்டதாரிச் சான்றிதழ்தான் அவளுக்கு வேண்டியது. அது இருந்தால் படிப்புக் கட்டணத்தில் பெரும் பங்கு குறையும். அன்றைக்கு மகளையும் கூட அழைத்து வந்திருந்தாள்.

"சார், வெள்ளிக்கெழம கடேசி நாளு. சீட்டு கெடச்சிருச்சு சார். இந்தச் சீட்டக் குடுத்தாத்தான் அந்தச் சீட்டுல உக்காரலாம்ங்கறாக" என்றாள் பாண்டியம்மாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

சோணைமுத்து மனுவை எடுத்துப் பார்த்தார். உறுதிமொழித் தாளில் தாயார் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. இதை அவர் சித்திரையிலேயே பார்த்திருந்தார். சொல்லியிருந்தால் அன்றைக்கே அவள் போட்டிருப்பாள். அப்புறம் பத்து நடைக்கு என்ன வேலை? இன்றைக்குச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாயில் அந்தப் புதுத் தொடர் ஊறிக்கொண்டிருந்தது.

"ஹோல்ட் யுவர் ஹார்சஸ், ஆத்தா" என்றார், சிரித்த முகமாக.

பாண்டியம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் சோணைமுத்துவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைக் கம்பியிலிருந்து எடுத்து, "வாம்மா, போவோம்" என்றாள். இருவரும் மரத்தடியில்கூட நிற்காமல் ரோட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

ஆங்கிலம் வேலை செய்கிறது என்று சோணைமுத்து நினைத்துக்கொண்டார்.

ஆவணியில் மேடம் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. சோணைமுத்து இரண்டு நாள் தூங்கவில்லை. மாறுதல் விண்ணப்பத்தைத் தனியாக ஒரு சிவப்புக் கோப்பில் போட்டு, கையெழுத்துக்கு வைக்கிற அடுக்கில் கடைசியாக வைத்தார். முதலில் வைத்தால் அலைவதாகத் தெரியும், நடுவில் வைத்தால் தொலைந்து போகும். கடைசியில் வைத்தால் மேடம் பேனாவை மூடப் போகிற நிம்மதியில் நிறையப் பார்க்காமல் போட்டுவிடுவார். இதற்கெல்லாம் ஸ்போக்கன் இங்கிலீஷ் தேவையில்லை, இருபது வருஷ சர்வீஸ் போதும்.

இன்னொரு ஏற்பாடும் செய்தார். சின்னக்கருப்பனைப் பதினொரு மணிக்கே தென்னந்தோப்புக்கு அனுப்பினார், செவ்விளநீர் ரெண்டு வெட்டிக்கொண்டு வரச் சொல்லி. வந்தவரை வாய் நனைக்காமல் அனுப்புவது அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் கிடையாது. அதுவும் தனக்கு இவ்வளவு பெரிய நல்லதைச் செய்யப் போகிற மனுஷியை வறட்டுத் தொண்டையோடு அனுப்பினால் முத்துமீனாவே ஏசுவாள்.

மேடம் பதினொன்றேகாலுக்கு வந்தார். பன்னிரண்டரை மணிக்கு மதுரையில் இருக்க வேண்டுமாம். வந்ததிலிருந்து மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதிவேடுகளைப் புரட்டினார், ரெண்டு கேள்வி கேட்டார், உட்கார்ந்து மடமடவென்று கையெழுத்துப் போடத் தொடங்கினார். சோணைமுத்து பக்கத்தில் நின்று ஒவ்வொரு கோப்பாகத் திறந்து வைத்தார். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடி நிறைந்திருந்தது. சின்னக்கருப்பனைக் காணவில்லை.

கடைசியில் சிவப்புக் கோப்பு வந்தது.

"இது உங்களுடையதா?" என்று மேடம் ஆங்கிலத்தில் கேட்டார். "ஆறு வருஷமா? தினமும் இத்தனை தூரமா? அடடா." முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. பேனா முனை தாளுக்கு அரை அங்குலத்தில் வந்துவிட்டது.

அந்த அரை அங்குலத்தில் சோணைமுத்துவுக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் அவரால் விளக்க முடியாது. கையெழுத்து விழுந்ததும் மேடம் எழுந்துவிடுவார், எழுந்தால் ஜீப்தான், இளநீர் இல்லை என்பது மட்டும்தான் கண்முன் நின்றது. ஜன்னல் வழியே தூரத்தில் சின்னக்கருப்பன் இரண்டு கையிலும் செவ்விளநீரோடு வருவதும் தெரிந்தது. சோணைமுத்து ரெண்டு கையையும் நீட்டித் தடுத்தார்.

"மேடம்! ஹோல்ட் யுவர் ஹார்சஸ்! டெண்டர் கோகனட் கமிங்!"

கூட நின்ற அலுவலகக் கண்காணிப்பாளர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் பேனாவை மெதுவாக மேலே எடுத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மன்னிப்புக் கேட்டு ஒப்பேற்றியிருக்கலாம்.

"நீங்கள் சொல்வது சரி" என்றார் ஆங்கிலத்தில், நிதானமாக, அவருக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக. "நான் கொஞ்சம் அவசரப்பட்டுத்தான் விட்டேன்." பேனாவை மூடினார். ஜன்னல் பக்கம் திரும்பினார். "வெளியே நிற்கிறார்களே, அவர்களிடமும் இதையேதான் சொல்வீர்களா?"

சோணைமுத்துவுக்கு முழுதும் பிடிபடவில்லை. 'சரி' என்றது பிடிபட்டது, மேடம் பாராட்டுகிறார் என்று தெரிந்தது. மார்பு விரிந்தது.

"எஸ் மேடம்! டெய்லி!" என்றார்.

மேடம் தலையாட்டினார். நிலுவைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். கடைசிப் பக்கத்தில் எண்ணைப் பார்த்தார்: இருநூற்றுப் பதினான்கு. பிறகு வெளியே போய், மரத்தடியில் இருந்தவர்களிடம் தனக்குத் தெரிந்த தமிழில் ஒவ்வொருவராகக் கேட்டார். "எவ்வளவு நாள் ஆச்சு?" அவர்கள் சொன்னார்கள். மாசக் கணக்கில் சொன்னார்கள். அந்த ஒரு கேள்விக்குத் தேவையான தமிழ் அவரிடம் தாராளமாக இருந்தது. திரும்பி வந்து சிவப்புக் கோப்பில் பச்சை மையில் இரண்டு வரி எழுதினார். அதற்குள் இளநீர் வந்துவிட்டது. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, "ரொம்ப நன்றி, சோணைமுத்து" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கும்பிட்டுக்கொண்டு நின்ற சோணைமுத்து, உள்ளே வந்து கோப்பைத் திறந்தார். முதல் வரி: இவருடைய பிரிவில் நிலுவையில் உள்ள கடைசி மனு முடிக்கப்பட்ட பிறகு இந்த விண்ணப்பம் பரிசீலிக்கப்படும். இரண்டாவது வரி: அவசரமில்லை.

அந்த ஞாயிறு எட்டு மணிக் காபிக்குப் பிறகும் சோணைமுத்து எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் ஒட்டிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அழகுராஜா மாஸ்டருக்கே பயமாகிவிட்டது.

"என்னண்ணே, கறிக்கடைக்குப் போகலையா?"

"மாஸ்டர், அந்தக் குதிரத் தொடர் இருக்கே... அதுக்கு வேற ஏதும் அர்த்தம் உண்டா?"

"இல்லண்ணே. நான் சொன்ன அர்த்தம்தான். யாருகிட்டச் சொன்னீக?"

சோணைமுத்து சொன்னார். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"அண்ணே, அது கூட்டாளி கூட்டாளிகிட்டச் சொல்றது. மாப்ள, ரொம்பத் துள்ளாதடாங்கற மாதிரி. மேல உள்ளவுககிட்டச் சொன்னா திமிரு. சிரிச்சுக்கிட்டுச் சொன்னா இன்னும் திமிரு" என்றவர் கொஞ்சம் நிறுத்தினார். "அதவிட, நெசமாவே கழுத்த நெரிக்கிற அவசரத்துல வந்து நிக்கிறவன்கிட்ட இதச் சொல்லவே கூடாதுண்ணே. ஒன் அவசரம் எனக்கு வேடிக்கையா இருக்குன்னு சொல்ற மாதிரி ஆயிரும். இதத்தான் அன்னைக்குப் பின்பாதில ஒரு மணி நேரம் கத்துனேன்."

"மேல உள்ளவுகளுக்குச் சொன்னதுதான தப்பு?" என்று சோணைமுத்து ஓர் ஓரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டும்தாண்ணே" என்றார் மாஸ்டர். கீழே மில் ஓடத் தொடங்கியது.

திங்கட்கிழமையிலிருந்து கொட்டாம்பட்டிப் பக்கத்து ஜனங்கள் காணாத காட்சி ஒன்றைக் கண்டார்கள். சோணைமுத்து ஒன்பதரைக்கே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "அடுத்து யாரு? வாங்க, வாங்க!" என்று கூவினார். கையெழுத்து, முத்திரை, பதிவு, கையெழுத்து. மத்தியானச் சாப்பாட்டைப் பத்து நிமிஷத்தில் முடித்தார். மரத்தடி ஒரு வாரத்தில் காலியாகிவிட்டது. வாங்கிப் போனவர்கள் யாரும் கும்பிடவில்லை, அவர் நினைத்தபடிதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் மரத்தடியில் நின்றவர்கள் முப்பது நாற்பது பேர்தான். மற்ற நூற்றெழுபது பேரும் நடந்து நடந்து சலித்து வராமலே நின்றுவிட்டவர்கள். அவர்களை எப்படி வரவழைப்பது? பதிவேட்டிலிருந்து நம்பரை எடுத்து ஒவ்வொருவராகப் போன் போட்டார்.

"வீரணன்தான? ஆபீஸ்லருந்து பேசுறேன். வருமானச் சான்று ரெடி. வந்து ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போங்க."

"அதுக்கு என்ன சார் இப்ப? நடவு நடந்துக்கிட்டு இருக்கு. முடியட்டும், வாரேன்."

"நாளைக்கு வந்துருங்களேன்?"

"பொறுங்க சார். ஆறு மாசமா நாங்க பொறுக்கலையா?"

இன்னொருவர் மகள் கல்யாணம் முடிந்து வருகிறேன் என்றார். ஒருவர் அழகர்கோவிலுக்கு மாலை போட்டிருப்பதாகச் சொன்னார். ஒருவருக்குத் தான் கேட்ட சான்று எதற்கென்றே மறந்து போயிருந்தது. ஒரு கிழவர் மட்டும் மறுநாளே வந்து, இம்புட்டு அவசரமாகக் கூப்பிடுகிறார்களே, ஏதும் வம்பில் மாட்டி விடுகிறார்களோ என்று பயந்து, கையெழுத்துப் போட மறுத்துப் போய்விட்டார். அவர் வீட்டுக்கே போய்ச் சமாதானம் பண்ண வேண்டியிருந்தது. சோணைமுத்து சின்னக்கருப்பனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனார். வாசலில் நின்றார். "உள்ள குளிச்சுக்கிட்டு இருக்காக, செத்த இருங்க" என்றார்கள், இருந்தார். ஒரு வீட்டில் நாய்கூட அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. ஆனையூர் திரும்பும்போது எட்டரை போய் ஒன்பதரை ஆயிற்று. முதுகு தன் கணக்கை இரட்டிப்பாக்கியது.

புரட்டாசி கடைசியில் ஒரே ஒரு மனு மிஞ்சியது. பாண்டியம்மாள். போன் நம்பர் இருந்தது. நாலு நாள் போட்டார், நாலு நாளும் மணி அடித்து ஓய்ந்தது. அந்த நம்பருக்கு மட்டும் போடும்போது, எடுத்துவிடக் கூடாது என்று மனசுக்குள் ஒரு மூலை வேண்டிக்கொண்டதை அவரும் கவனித்தார்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு மொபெட்டில் போய் இறங்கினார். ஒண்ணேகால் ஏக்கரிலும் நிலக்கடலை போட்டிருந்தார்கள். தாயும் மகளும் எதிரெதிர் பாத்தியில் உட்கார்ந்து களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னக்கருப்பன் ரோட்டிலேயே நின்றுவிட்டார். சோணைமுத்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார்.

"பாண்டியம்மா... ஆபீஸ்லருந்து வாரேன். ஒரே ஒரு கையெழுத்துத்தான்."

பாண்டியம்மாள் நிமிர்ந்து கையால் நெற்றியை மறைத்துப் பார்த்தாள். "யாரு, ஆபீஸ் சாரா! இம்புட்டுத் தூரம் வந்திருக்கீகளா?" அவள் குரலில் கேலி இல்லை, நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது. "அந்தப் பூவரச நெழல்ல உக்காருங்க சார். இந்தப் பாத்திய முடிச்சுட்டு வாரேன். பாதில எந்திரிச்சா எடம் மறந்து போகும்."

"சரிம்மா" என்றார் சோணைமுத்து.

உட்கார்ந்தார். பாத்தி நீளமானது. அவள் ஒவ்வொரு செடிக்கும் நடுவே களைக்கொத்தை விட்டு, வேரோடு எடுத்து, மண்ணை உதறி, பின்னால் போட்டாள். அவருக்கு எழுந்து போய்த் தானும் நாலு களை எடுத்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. எது களை எது கடலை என்று தெரியாததால் உட்கார்ந்தே இருந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் ஆயுளில் அத்தனை நீளமான முக்கால் மணி நேரம் வந்ததில்லை.

தாமரைச்செல்வி முதலில் எழுந்து வந்தாள். தூக்குவாளியில் இருந்த தண்ணீரைச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். இந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியும். இப்போது சொல்லுவாள், அந்த மூன்று சொல்லையும் திருப்பிச் சொல்லுவாள் என்று காத்திருந்தார். சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்றே நினைத்தார். கணக்கு அதோடு நேராகிவிடும்.

அவள் சொல்லவில்லை. "இன்னும் ஊத்தவா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"காலேஜு..." என்று சோணைமுத்து தொடங்கினார்.

"விவசாயக் காலேஜு சார். சீட்டு வந்துச்சு. சர்டிபிகேட் இல்லாம முழு பீஸையும் கட்டணும்னு சொல்லிட்டாக. அந்த வெள்ளிக்கெழமையோட போச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். புதன்கிழமை, வெள்ளிக்கிழமை. நடுவில் ஒரே ஒரு நாள். ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. சோணைமுத்து தன் மகளை நினைத்துக்கொண்டார். அவமானமாக இருந்தது. ஆறு வருஷத்தில் வாங்காத டீயெல்லாம் சேர்ந்தும் அந்த அவமானத்தை மறைக்கவில்லை.

பாண்டியம்மாள் கை கழுவிவிட்டு வந்தாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே மூச்சு வாங்கி, தன் பெயரை எழுதினாள். அறிவொளி வகுப்பில் படித்த எழுத்து. சோணைமுத்து குனிந்து தாளின் மறுமுனையைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுச்சா சார்?"

"முடிஞ்சுச்சும்மா."

உண்மையாகவே முடிந்தது. இருநூற்றுப் பதினான்கும் முடிந்தது. இனி சிவப்புக் கோப்பு நகரும், மதுரை மாறுதல் வரும், சூடாகச் சோறு கிடைக்கும். இந்த இடத்தில் வர வேண்டிய சந்தோஷத்தை அவர் தேடிப் பார்த்தார்.

"சார்" என்றாள் தாமரைச்செல்வி. "இது அடுத்த வருசமும் செல்லுமா?"

"செல்லும்மா. ஆயுசுக்கும் செல்லும். சாயங்காலத்துக்குள்ள முத்திரை போட்டுருவேன். நாளைக்குக் காலைல மொத வேலையா நானே கொண்டாந்து ஒன் கைல குடுத்துர்றேன்."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். அன்றைக்கு ஜன்னலில் பார்த்த அதே பார்வை, ஆனால் இப்போது அதில் கொஞ்சம் பரிவுகூட இருந்தது.

"எதுக்கு சார் அம்புட்டு அவசரம்?" என்றாள். "அடுத்த ஆனிக்குத்தான வேணும்."

சொம்பை வாங்கி வாளியின் மேல் கவிழ்த்துவிட்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு, அவள் அடுத்த பாத்தியில் போய் உட்கார்ந்தாள்.